கேடி குடுக்கச் சொல்லி மெயில் வந்தா என்ன பண்ணணும்

நம்ம ஊர்ல கேடின்னா போலீஸ் ஸ்டேஷன் போர்டுல போட்டோ ஒட்டி வெச்சிருப்பாங்களே, அந்த ஆளுங்க. சென்னை ஓஎம்ஆர் ஐடி கம்பெனிகள்ல கேடின்னா நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர், உங்களுக்குத் தெரிஞ்ச வேலையை இன்னொருத்தரை உக்கார வெச்சு சொல்லிக் குடுக்கறது. கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா சோறு போடற வேலை கையை விட்டுப் போறது பெரும்பாலும் இந்த ரெண்டெழுத்துலதான் ஆரம்பிக்குது. நான் 2008ல ஒரு வாய்ஸ் ப்ராசஸ்ல, கால் சென்டர்தான், ஹெட்செட் மாட்டி நைட் ஷிப்ட்ல ஆரம்பிச்சு, அப்புறம் சாஃப்ட்வேர்ல வர்ற பிரச்சனையைப் பாக்கற அப்ளிகேஷன் சப்போர்ட்டுக்கு மாறினவன். கேடி வாங்கியும் இருக்கேன், கேடி குடுத்துட்டு வெளியவும் வந்திருக்கேன். வக்கீல் இல்ல. வெளிய வந்தப்ப லேபர் ஆபீஸ் படி ஏறி இறங்கினதுலயும், கூட இருந்தவங்க பட்டதுலயும் தெரிஞ்சுக்கிட்டதை எழுதறேன், இப்ப அந்த மெயில் வந்து வயித்தக் கலக்கிட்டு உக்காந்திருக்கவங்களுக்கு உதவும்.

முதல்ல வாங்கின கதை. 2011ல அமெரிக்கால ஒஹாயோல ஒரு அம்மா, எங்க க்ளையன்ட், அதாவது எங்களுக்கு வேலை குடுத்த கம்பெனில 22 வருஷ சர்வீஸ், தினமும் சாயங்காலம் ஆறரை மணிக்கு, அவங்களுக்கு காலைல ஒம்போது, போன் கால்ல வந்து எங்க நாலு பேருக்கு பில்லிங் சிஸ்டத்தை சொல்லிக் குடுத்தாங்க. ஆறு வாரம். நாங்க பாட்டுக்கு நோட்ஸ் எடுத்துக்கிட்டு, மியூட்ல போட்டு பஜ்ஜி தின்னுக்கிட்டு இருந்தோம், அவங்க வேலையைத்தான் வாங்கிக்கிட்டு இருக்கோம்னே நாலாவது வாரம்தான் உறைச்சுது, அதுவும் அவங்களே பேச்சோட பேச்சா "நான் போனதுக்கப்புறம் இதை யார்கிட்டயும் கேக்க முடியாது, எழுதிக்கோ"ன்னு சொன்னப்ப. கடைசி நாள் ஒண்ணு சொன்னாங்க. மாசக் கடைசி வேலை நாள் வியாழக்கிழமைல விழுந்தா ஒரு ஜாப், தானா ஓடற ப்ரோக்ராம், ராத்திரில நிக்கும், ரீஸ்டார்ட் பண்ணாத, முதல்ல ஒரு டெம்ப் ஃபைலை வேற ஃபோல்டருக்கு நகர்த்து, அப்புறம் ஓட்டு, இது எந்த டாகுமென்ட்லயும் இல்லன்னு. சொல்லாம போயிருக்கலாம், யாரும் கேட்டிருக்கப் போறதில்ல.

அவங்க மாதிரி எத்தனையோ பேர். ஆர்லாண்டோல டிஸ்னில 2014 கடைசில சுமார் 250 ஐடி ஆளுங்களை அனுப்பினப்ப, பதிலுக்கு வந்தவங்களுக்கு ட்ரெயினிங் குடுத்துட்டுப் போங்கன்னு சொன்னது அங்க பெரிய விவகாரமாவே ஆச்சு. அப்பல்லாம் நாம வாங்கற பக்கம் இருந்தோம், பெருசா யோசிக்கல. இப்ப நாமளும் குடுக்கற பக்கம். வாய்ஸ் வேலை 2010 வாக்குலயே பிலிப்பைன்ஸ் நம்மளை முந்திடுச்சு. என் வேலை பிலிப்பைன்ஸும் போகல, திரும்பி ஒஹாயோவும் போகல, ஹைதராபாத் போச்சு. க்ளையன்ட்டே அங்க சொந்தமா ஆபீஸ் போட்டு, அதுக்கு ஜிசிசின்னு ஒரு பேர், குளோபல் கேபபிலிட்டி சென்டராம், நடுவுல எங்க கம்பெனி மாதிரி வெண்டாரே வேணாம்னு முடிவு பண்ணிட்டான்.

மெயிலுக்கு முன்னாடி தெரியற அறிகுறி

திடீர்னு ஒரு நாள் எஸ்ஓபியை, அதாவது வேலையைப் படிப்படியா எப்படி செய்யணும்னு எழுதி வெச்சதை, எல்லாம் அப்டேட் பண்ணுங்கம்பாங்க. மூணு வருஷமா எவனும் தொடாத டாகுமென்ட். வேலையை விட்டுப் போனவனுக்கு பதில் ஆள் எடுக்க அப்ரூவல் வராது. மீட்டிங் இன்வைட்ல டிரான்ஸிஷன் மேனேஜர்னு தெரியாத பேர் ஒண்ணு இருக்கும். ஸ்க்ரீன் ரெக்கார்ட் பண்ணி ஷேர்பாயின்ட்ல போடுங்கம்பாங்க. அப்புறம்தான் ஷேடோ, ரிவர்ஸ் ஷேடோ எல்லாம். ஷேடோன்னா நீங்க வேலை செய்வீங்க, அவன் பக்கத்துல உக்காந்து பாப்பான். ரிவர்ஸ் ஷேடோன்னா அவன் செய்வான், நீங்க பாப்பீங்க. அது முடிஞ்சா சைன்-ஆஃப், கேடி முடிஞ்சுதுன்னு ஒப்புக்கறது. இந்த சைன்-ஆஃப் தேதியை காலண்டர்ல சிவப்புல வட்டம் போட்டு வெச்சுக்கோங்க, ஏன்னா அடுத்த நாள்லேர்ந்து நீங்க பில்லபிள் இல்ல, அதாவது உங்க பேர்ல க்ளையன்ட்கிட்ட காசு வாங்க முடியாது, ப்ராஜெக்ட் இல்லாம பெஞ்ச். பெஞ்ச்ல முன்ன மாதிரி ஆறு மாசம் கேரம் ஆடிக்கிட்டு இருக்க முடியாது. டிசிஎஸ் 2025 ஜூன்ல வருஷத்துக்கு 225 நாள் பில்லபிளா இருக்கணும், பெஞ்ச் 35 நாளுக்கு மேல கூடாதுன்னு கொண்டு வந்துச்சு, அடுத்த மாசமே சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போறோம்னும் அறிவிச்சுச்சு.

இன்னொரு அறிகுறி புதுசு. டிக்கெட், அதான் நமக்கு வர்ற கம்ப்ளெய்ன்ட், அதை க்ளோஸ் பண்றப்ப எப்படி சரி பண்ணீங்கங்கற ரெசொல்யூஷன் நோட்ஸை விளக்கமா எழுதச் சொல்லுவாங்க, எழுதலன்னா அப்ரைசல்ல மார்க் போகும்பாங்க. அதுவும் கேடிதான், ஆளுக்கு பதிலா ஏஐ பாட் (bot) ஒண்ணுக்கு.

எல்லா கேடியும் ஆப்புன்னு சொல்ல வரல. நல்ல ப்ராஜெக்டுக்கு மாத்தறதுக்கும் கேடி குடுக்கச் சொல்லுவாங்க. வித்தியாசம் தெரிஞ்சுக்க ஒரே வழி, கேட்டுடறது. "சைன்-ஆஃபுக்கு அப்புறம் என் அலகேஷன் எங்க?"ன்னு, அதாவது அடுத்து எந்த ப்ராஜெக்ட்ல போடறீங்கன்னு, ஒரு வரி மெயில். வாட்ஸ்அப்ல கேக்காதீங்க, டீ குடிக்கப் போறப்ப கேக்காதீங்க, மெயில்ல கேளுங்க. பதில் வந்தா நல்லது. "லெட்ஸ் கனெக்ட்"னு மட்டும் வந்தா அதுவும் ஒரு பதில்தான், அன்னிக்கு ராத்திரியே ரெஸ்யூமை தூசு தட்டுங்க.

முதல் வாரத்துலயே சேத்து வைக்க வேண்டியது

லாக்-அவுட் பண்ணிட்டாங்கன்னா லேப்டாப் வெறும் தட்டு. அதனால ஆஃபர் லெட்டர், அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், எல்லா இன்க்ரிமென்ட் லெட்டர், சேந்ததுலேர்ந்து எல்லா பேஸ்லிப், ஃபார்ம் 16, அப்ரைசல் ரேட்டிங், பாராட்டி வந்த மெயில், லீவ் பேலன்ஸ் ஸ்க்ரீன்ஷாட் எல்லாத்தையும் முன்னாடியே எடுத்து வெச்சுக்கோங்க. பாண்டு, சர்வீஸ் அக்ரிமென்ட்னு ஏதாவது கையெழுத்து போட்டிருந்தா அதோட காப்பியும்.

ஒரு எச்சரிக்கை, இதுல நிறைய பேர் வழுக்கி விழறாங்க. உங்களோட பேப்பரை மட்டும் எடுங்க. க்ளையன்ட் ஃபைல், கோடு, டேட்டா இதுல ஒண்ணைக்கூட சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பாதீங்க. என் டீம்ல ஒருத்தன் "நான் எழுதின ஸ்க்ரிப்ட்தானே"ன்னு அனுப்பினான், அன்னிக்கு மத்தியானமே டேட்டா பிரீச்னு கூப்பிட்டு, ஒரு பைசா இல்லாம வெளிய அனுப்பிட்டாங்க. கம்பெனிக்கு அதைவிட சுலபமான வழி வேற கிடையாது.

அப்புறம் நீங்க நிஜமா என்ன வேலை பாக்கறீங்கன்னு காட்டற ஆதாரம். இது ஏன்னா, ஆள் குறைக்கறப்ப சட்டம் குடுக்கற பாதுகாப்பு பெரும்பாலும் வொர்க்கர்ங்கற வகைல வர்றவங்களுக்குத்தான். டெசிக்னேஷன்ல லீட், அசிஸ்டன்ட் மேனேஜர்னு என்ன வேணா போட்டிருக்கலாம், சும்மா சம்பளம் ஏத்தாம பேரை மட்டும் ஏத்துவாங்கல்ல, அதை வெச்சு முடிவாகாது, செய்யற வேலையை வெச்சுத்தான். ஆளை எடுக்கற, நீக்கற, லீவு சாங்ஷன் பண்ற அதிகாரம் உங்ககிட்ட இல்ல, நாள் முழுக்க டிக்கெட் பாக்கறதும் டெஸ்ட் பண்றதும்தான் வேலைன்னா, "நான் மேனேஜர் இல்ல"ன்னு வாதாட நல்ல இடம் இருக்கு. உங்க லீவை அப்ரூவ் பண்ற மெயில், உங்களுக்கு வேலை ஒதுக்கற மெயில், இதெல்லாம் அங்க பேசும்.

கேடியை ஒழுங்கா குடுக்கறதா வேணாமா

எல்லாருக்கும் வர்ற ஆசை இது. பாதியை மறைச்சுட்டு போனா நாளைக்கு நம்மளையே கூப்பிடுவாங்கன்னு. நான் சொல்றது, குடுத்துடுங்க. மறைச்சா கூப்பிட மாட்டாங்க, ரெண்டு நாள் திட்டிட்டு அவங்களே கண்டுபிடிச்சுப்பாங்க, ஆனா "ஒத்துழைக்கல"ன்னு ஒரு மெயில் உங்க ஃபைல்ல ஏறிடும், பேரம் பேசறப்ப அதைத்தான் முதல்ல எடுத்து வைப்பாங்க. அதுக்காக விழுந்து விழுந்து ஷிப்ட் தாண்டி உக்காந்து குடுக்கணும்னும் இல்ல. ஒவ்வொரு செஷன் முடிஞ்சதும் என்ன சொல்லிக் குடுத்தேன், எத்தனை மணி நேரம், யார் யார் இருந்தாங்கன்னு மெயில் போட்டுடுங்க. என் கைல கடைசில இருந்த ஒரே சீட்டு அந்த மெயில் கட்டுதான், "பெர்ஃபார்மன்ஸ் சரியில்ல"ன்னு அவங்க ஆரம்பிச்சப்ப.

ஹெச்ஆர் ரூம்

இதைத்தான் நிறுத்தி நிதானமா படிக்கணும்.

பெரும்பாலும் வியாழன், வெள்ளி மத்தியானம் கூப்பிடுவாங்க. இன்வைட்ல "கேட்ச் அப்"னு இருக்கும், அரை மணி நேரம். போனா உங்க மேனேஜர் இருக்க மாட்டாரு, இல்ல இருந்தும் டேபிளையே பாத்துக்கிட்டு இருப்பாரு. டேபிள் மேல டிஷ்யூ பெட்டி, தண்ணி பாட்டில். ஒரு லேப்டாப்ல ரெசிக்னேஷன் போர்ட்டல் பேஜ் ஏற்கனவே தெறந்திருக்கும், ரீசன் டிராப்டவுன்ல "பர்சனல் ரீசன்ஸ்"னு செலக்ட் பண்ணி வெச்சிருந்தாங்க எனக்கு, அதைக்கூட நான் பண்ண வேணாம்னு நினைச்சாங்க போல. அந்தப் பொண்ணு, என்னைவிட பத்து வயசு சின்னவ, ரொம்ப மரியாதையா, "சார், உங்க வேலைல எந்தக் குறையும் இல்ல, இது பிசினஸ் டெசிஷன், நீங்களே பேப்பர் போட்டுட்டா உங்க கரியருக்கு நல்லது, இல்லன்னா டெர்மினேஷன்னு போகும், நாளைக்கு பிஜிவில பிரச்சனை வரும்"னு சொன்னா. பிஜிவின்னா பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன், அந்த வார்த்தையைக் கேட்டாலே நமக்கு கை நடுங்கும், அவங்களுக்கும் அது தெரியும்.

அங்க நீங்க பண்ண வேண்டியது ஒண்ணுதான். எதுலயும் கையெழுத்தோ க்ளிக்கோ வேணாம். "நான் யோசிச்சு எழுத்துல பதில் சொல்றேன், நீங்க சொன்னதை எனக்கு மெயில்ல அனுப்புங்க." அவ்வளவுதான். சத்தம் போட வேணாம், அழுதா தப்பில்ல, ஆனா அந்த ரெண்டு வாக்கியத்தை சொல்லிட்டு எழுந்துடுங்க. "இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும்தான் இந்த ஆஃபர்"ம்பாங்க, பெரும்பாலும் நாளைக்கும் இருக்கும்.

வெளிய வந்ததும், சீட்டுக்கு போறதுக்குள்ள ஆக்சஸ் போயிடலாம், அதனால சொந்த மெயில்லேர்ந்தே ஹெச்ஆருக்கு ஒண்ணு போடுங்க: இன்னிக்கு இத்தனை மணிக்கு இந்த ரூம்ல இன்னார் இன்னார் இருந்தப்ப என்னை ரிசைன் பண்ணச் சொன்னீங்க, எனக்கு ரிசைன் பண்ற எண்ணம் இல்ல, நான் தொடர்ந்து வேலை பாக்கத் தயாரா இருக்கேன், கம்பெனி என்னை நீக்கறதா இருந்தா காரணத்தை எழுத்துல குடுங்க. இந்த "வேலை பாக்கத் தயாரா இருக்கேன்"ங்கறது முக்கியம், அதை விட்டுட்டா நீங்களா வரல, சொல்லாம ஓடிட்டீங்க, அப்ஸ்காண்டிங்னு திருப்பி விடுவாங்க. அதுக்காகவே அடுத்த ரெண்டு நாள் ஆபீஸ் வாசல் வரைக்கும் போங்க. செக்யூரிட்டி உள்ள விடலன்னா அந்த நேரத்தையும் மெயில்ல எழுதுங்க.

பயத்துல ஏற்கனவே க்ளிக் பண்ணிட்டீங்களா? அதுக்காக எல்லாம் முடிஞ்சுடல. அவங்க ஏத்துக்கறதுக்கு முன்னாடி, முடிஞ்சா அன்னிக்கே, "வற்புறுத்தினதாலதான் போட்டேன், வாபஸ் வாங்கறேன்"னு மெயில் அனுப்பிடுங்க. நாள் கழிச்சு அனுப்பினா மதிப்பு கம்மி.

ஏன் இவ்ளோ பிடிவாதம்னு கேட்டா, காசுக்கணக்கு. நீங்களே போனா அது ராஜினாமா. அவங்க அனுப்பினா அது ஆட்குறைப்பு, அதுக்கு தனியா பணம் உண்டு. 1947 இண்டஸ்ட்ரியல் டிஸ்ப்யூட்ஸ் ஆக்ட்லயே (சுருக்கமா ஐடி ஆக்ட்ம்பாங்க, நம்ம ஐடி இல்ல) ஒரு மாச நோட்டீஸ் இல்லன்னா அதுக்கான சம்பளம், அது போக ஒவ்வொரு வருஷ சர்வீஸுக்கும் 15 நாள் சம்பளம்னு இருந்துச்சு. 2025 நவம்பர் 21லேர்ந்து அதுக்கு பதிலா இண்டஸ்ட்ரியல் ரிலேஷன்ஸ் கோடு வந்திருக்கு, அதுலயும் அந்த ரெண்டும் இருக்கு, கூடவே ரீஸ்கில்லிங் ஃபண்ட்னு இன்னொரு 15 நாள் சம்பளம், ஆளை அனுப்பி 45 நாளுக்குள்ள அக்கவுன்ட்ல போடணும். சட்டம் வேஜஸ்னு சொல்ற தொகை உங்களுக்கு மாசம் 40,000, சர்வீஸ் 8 வருஷம்னு வெச்சுக்கோங்க. நோட்டீஸ் 40,000, வருஷத்துக்கு 15 நாள்னு தோராயமா 1,60,000, ரீஸ்கில்லிங் 20,000. மொத்தம் 2,20,000. அந்த டிராப்டவுன்ல "பர்சனல் ரீசன்ஸ்"னு ஒரு க்ளிக் பண்ணா இது அத்தனையும் போச்சு.

கிராஜுவிட்டி வேற கணக்கு, அது ராஜினாமா பண்ணாலும் வரும், அதை "நாங்க பாத்துக் குடுக்கறோம்"னு ஏதோ தயவு மாதிரி பேசினா நம்பாதீங்க. அஞ்சு வருஷம் முடிச்சிருக்கணும், கடைசி வேஜஸை 15 ஆல பெருக்கி 26 ஆல வகுத்து சர்வீஸ் வருஷத்தால பெருக்கணும். மேல சொன்ன ஆளுக்கு 1,84,615 ரூபா. 30 நாளுக்குள்ள குடுக்கணும். நாலு வருஷம் முடிச்சு அஞ்சாவது வருஷத்துல 240 நாள் வேலை பாத்திருந்தாலும் போதும்னு மெட்ராஸ் ஹைகோர்ட் தீர்ப்பு இருக்கு, அந்த எல்லைல நிக்கறவங்க கடைசி தேதியை ரெண்டு வாரம் தள்ளிக் கேளுங்க.

இப்ப நேர்மையா ஒண்ணு. அவங்களே நாலு மாசம், ஆறு மாசம் சம்பளம் குடுத்து, நல்ல ரிலீவிங் லெட்டரும் குடுக்கறேன்னா, பல பேருக்கு அதை வாங்கிட்டுப் போறதுதான் சரி. கோர்ட்ல ஜெயிக்கலாம், ஆனா வருஷக்கணக்குல ஆகும், ஈஎம்ஐ காத்திருக்காது. மேல சொன்ன கணக்கைப் போட்டுப் பாத்து, அதைவிட கூட வருதான்னு பாருங்க, கிராஜுவிட்டியை அதுக்குள்ள சேத்து ஏமாத்தலையான்னு பாருங்க, அப்புறம் கையெழுத்து போடுங்க. வேணாம்னு எழுந்து வர்றதே ஒரு பேரம்தான், எனக்கு முதல்ல சொன்னது ஒரு மாசச் சம்பளம், முடிஞ்சது மூணு மாசச் சம்பளத்துல.

கர்ப்பமா இருக்கவங்களும் மெட்டர்னிட்டி லீவ்ல இருக்கவங்களும் இதுல ஸ்பெஷல். லீவ்ல இருக்கறப்ப நீக்கறதை சட்டமே தடுக்குது. 2015 ஜனவரில ஒரு கர்ப்பிணி ஐடி ஊழியரை நீக்கினதுக்கு மெட்ராஸ் ஹைகோர்ட் இடைக்காலத் தடையே குடுத்துச்சு. ஹெச்ஆர் ரூம்ல இதை மெதுவா சொன்னாலே பேச்சு மாறும்.

எங்க போறது

ஐடிக்காரனுக்கு யூனியன் கிடையாதுங்கறது ஒரு கட்டுக்கதை. 2016லயே தமிழ்நாடு அரசு, ஐடி கம்பெனிகளுக்கும் தொழிலாளர் சட்டம் பொருந்தும், ஊழியர்கள் சங்கம் வெச்சுக்கலாம்னு தெளிவா சொல்லிடுச்சு. ஃபைட், யுனைட், என்டிஎல்எஃப் ஐடி பிரிவுன்னு சங்கங்கள் இருக்கு. அரசியல் பிடிக்குதோ இல்லையோ, மனு எழுதத் தெரிஞ்ச ஆள் அங்க இருக்காங்க, தனியா தவிக்கறதுக்கு போய் உக்காந்து பேசலாம்.

மனுவை லேபர் டிபார்ட்மென்ட்ல குடுக்கணும். கமிஷனர் ஆபீஸ் தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்துல இருக்கு, ஆனா உங்க ஆபீஸ் எந்த ஏரியாவோ அந்த எல்லைக்கான அதிகாரி யாருன்னு கேட்டுட்டு அங்க குடுங்க, நான் முதல் நாள் தப்பான ரூம் வாசல்ல மூணு மணி நேரம் உக்காந்திருந்தேன். வெள்ளைப் பேப்பர் போதும், தமிழ்லயே எழுதலாம். எப்ப சேந்தீங்க, என்ன வேலை, என்ன சம்பளம், என்னிக்கு என்ன நடந்துச்சு, உங்களுக்கு என்ன வேணும். ரெண்டு பக்கத்துக்கு மேல போகாதீங்க. ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போய் ஒண்ணுல சீல் வாங்கிக்கோங்க. அப்புறம் சமரசப் பேச்சுக்கு ரெண்டு தரப்பையும் கூப்பிடுவாங்க. முதல் தடவை கம்பெனி தரப்புல வந்து வாய்தா கேப்பாங்க, ரெண்டாவது தடவையும் கேப்பாங்க, சோர்ந்து போறதுக்குத்தான் அது. 45 நாள் ஆகியும் தீரலன்னா நீங்களே நேரா கேஸ் போடலாம். பழைய சட்டத்துல நீக்கின தேதிலேர்ந்து மூணு வருஷம் டைம் இருந்துச்சு, புது கோடுல ரெண்டு வருஷம்தான். ஆனா ரெண்டு வருஷம் இருக்கேன்னு தூங்காதீங்க, ரெண்டு வாரத்துல போங்க.

பிஎஃப், இன்ஷூரன்ஸ், வீடு

பிஎஃபை அவசரப்பட்டு உடைக்காதீங்க. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி எடுத்தா டாக்ஸ், பென்ஷனுக்கு பத்து வருஷ சர்வீஸ் வேணும். 2025 அக்டோபர்ல எடுக்கற விதிகளை மாத்தறதா இபிஎஃப்ஓ போர்டு முடிவு பண்ணிச்சு, அதனால யூடியூப்ல பழைய வீடியோ பாத்துட்டு கணக்கு போடாதீங்க. டேட் ஆஃப் எக்ஸிட்டை கம்பெனி போடலன்னா, கடைசி காண்ட்ரிப்யூஷன் வந்து ரெண்டு மாசம் கழிச்சு போர்ட்டல்ல நீங்களே போட்டுக்கலாம்.

இன்ஷூரன்ஸைத்தான் எல்லாரும் மறக்கறாங்க. கம்பெனி மெடிக்ளெய்ம் கடைசி வேலை நாளோட முடிஞ்சுடும், அதுல அப்பா அம்மாவும் இருப்பாங்க. அதே இன்ஷூரன்ஸ் கம்பெனில தனி பாலிசியா மாத்திக்க வழி இருக்கு, அப்படி மாத்தினா ஏற்கனவே இருக்கற வியாதிக்கு காத்திருந்த காலம் வீணாகாது, ஆனா அதை முன்கூட்டியே கேக்கணும், கேடி மெயில் வந்த அன்னிக்கே கேட்டு வெச்சுடுங்க. சம்பளம் 21,000க்குள்ள இருந்து ஈஎஸ்ஐ பிடிச்சிருந்தா, பிபிஓல நிறைய பேருக்கு பிடிப்பாங்க, வேலை போனா சராசரி தினச் சம்பளத்துல பாதியை 90 நாள் வரைக்கும் குடுக்கற அடல் பீமித் திட்டத்தைப் பத்தி ஈஎஸ்ஐ ஆபீஸ்ல விசாரிங்க. வெளிய வந்த எத்தனையோ பசங்களுக்கு இது இருக்கறதே தெரியல.

வீட்ல சொல்லிடுங்க. என் கூட வேலை பாத்தவன் ஒருத்தன் ஒன்றரை மாசம் தினமும் காலைல பேக் மாட்டிக்கிட்டு, டிபன் பாக்ஸும் வாங்கிக்கிட்டு கிளம்பி, தரமணி டைடல் பார்க் எதிர்ல டீக்கடைல உக்காந்து அந்த சாப்பாட்டை சாப்ட்டு சாயங்காலம் திரும்புவான். பொண்டாட்டிக்கு தெரிஞ்சது பேங்க்லேர்ந்து ஈஎம்ஐ பவுன்ஸ் மெசேஜ் வந்தப்ப. அவ கோபப்பட்டது வேலை போனதுக்கு இல்ல, அந்த டிபன் பாக்ஸுக்கு. ஈஎம்ஐ விஷயத்துலயும் அதேதான், பவுன்ஸ் ஆகறதுக்கு முன்னாடி பேங்க்ல போய்ப் பேசுங்க, ஆனதுக்கப்புறம் போனா அவங்க பேசற தொனியே வேற.

போன்ல இந்தப் பக்கம் நாம இருக்கறப்ப

இது தலைப்புக்கு வெளியன்னு தோணும், எனக்கு தோணல. வாய்ஸ்ல இருந்தப்ப எனக்கு ஃப்ளோர்ல வேற பேர், வாயில வேற இங்கிலீஷ். ராத்திரி ரெண்டு மணிக்கு டெக்ஸாஸ்லேர்ந்து ஒருத்தர் "நீ எங்கேர்ந்து பேசற, என் ஊர்க்காரன்கிட்ட குடு"ன்னு கத்துவாரு, அவர் மச்சான் வேலையை நான்தான் பிடுங்கிட்டேன்னு அவருக்கு நினைப்பு, நான் அப்ப வாங்கின சம்பளம் அவருக்குத் தெரிஞ்சா சிரிச்சிருப்பாரு. இப்ப அந்த இங்கிலீஷுக்கு ட்ரெயினிங்கே வேணாம், நாம பேசறப்பவே நம்ம உச்சரிப்பை மாத்திக் காட்டற ஏஐயை இங்க கால் சென்டர்ல போட்டாச்சு.

இப்ப நாமளும் கஸ்டமர். பேங்க்லயோ நெட் கனெக்ஷன்லயோ பிரச்சனைன்னு போன் பண்ணி, தமிழுக்கு நாலை அழுத்தி, இருபது நிமிஷம் மியூசிக் கேட்டு, கடைசில ஒரு பொண்ணு எடுத்தா எரிச்சல் வரத்தான் செய்யும். அந்தப் பொண்ணு அந்த பேங்க்ல வேலை பாக்கல, வெண்டார்ல பாக்குது, உங்க காசைத் திருப்பற பட்டனே அது ஸ்க்ரீன்ல இருக்காது. ஒரு போன் காலை இத்தனை நிமிஷத்துல முடிக்கணும்ங்கற கணக்கு, ஏஹெச்டிம்பாங்க, மண்டை மேல ஓடிக்கிட்டிருக்கும். அதனால கத்தாம கம்ப்ளெய்ன்ட் நம்பர் வாங்குங்க, எத்தனை நாள்ல பதில் வரும்னு கேளுங்க, பேரையும் நேரத்தையும் குறிச்சுக்கோங்க. பேங்க்னா 30 நாள்ல தீர்க்கலன்னா ஆர்பிஐ ஆம்பட்ஸ்மேனுக்கு ஆன்லைன்லயே போடலாம், மத்ததுக்கு கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் 1915. கடைசில வர்ற ஸ்டார் ரேட்டிங் கம்பெனிக்குப் போகாது, அந்தப் பொண்ணோட இன்சென்டிவ்ல போய் நிக்கும், அதை நினைச்சு அழுத்துங்க.

ரெண்டு மிச்ச விஷயம். ஹைதராபாத் பையனுக்கு கடைசி செஷன்ல அந்த வியாழக்கிழமை ஜாப் கதையை சொன்னேன். "டாகுமென்ட்ல இல்லையே சார், யார் சொன்னாங்க?"ன்னான். ஒஹாயோல ஒரு அம்மான்னேன். அவன் "சோர்ஸ்: ஒஹாயோ மேடம்"னு டைப் பண்ணிக்கிட்டான், இப்ப அதுதான் அவங்க எஸ்ஓபில இருக்காம்.

இன்னொண்ணு, லேப்டாப்பை கூரியர்ல திருப்பி அனுப்பச் சொன்னா, பேக் பண்றதுக்கு முன்னாடி சீரியல் நம்பர் தெரியற மாதிரி போட்டோ எடுங்க, சார்ஜர், ஹெட்செட்டோட சேத்து. கூரியர் ரசீதை ஃபைனல் செட்டில்மென்ட் பணம் அக்கவுன்ட்ல விழற வரைக்கும் தூக்கிப் போடாதீங்க. நான் போட்டேன், லேப்டாப் வந்து சேரலன்னு 62,000 ரூபா பிடிச்சுட்டாங்க, அதைத் திரும்ப வாங்க அஞ்சு மாசம் ஆச்சு.